விரதம் இருக்கும் பாட்டில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, ஆயில் சாம்பிள் எடுப்பதைப் பற்றி உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படி எடுப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது எடு, வால்வைத் துடை, முதலில் வருவதை வீணாக விடு, கடைசி நொடி வரைக்கும் பாட்டில் மூடியைத் திறக்காதே. அவ்வளவுதான். படம் போட்ட புத்தகம் உங்கள் மேஜையிலேயே கிடக்கிறது, யாரும் பிரித்த மாதிரி தெரியவில்லை.

எடுப்பது சுலபம். அடுத்தவரைச் சுத்தமாக எடுக்க வைப்பதில்தான் என் ஆயுசில் பாதி போனது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் சாம்பிள் அனுப்பியவரைப் பார்த்திருக்கிறேன். குவார்ட்டர் பாட்டிலில் அனுப்பியவர்களை எண்ணவே முடியாது. மேலூர்ப் பக்கம் ஒருவர் எஞ்சினைத் தொடவே இல்லை. கடையில் வாங்கிய புது ஆயிலைப் பாட்டிலில் ஊற்றி அனுப்பிவிட்டார். கேட்டால், "ரிசல்ட்டு நல்லா வரணும்ல அண்ணே" என்றார். மகனுக்குப் பதிலாக வாத்தியார் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிய கதைதான். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இவர்களெல்லாம் ஒரு பக்கம். பேச்சியக்கா ஒரு பக்கம். அவர் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டு ஓரமாக எங்கள் பட்டறை இருந்தது. மண் அள்ளும் வண்டிகளை விற்பது, ரிப்பேர் பார்ப்பது, பின்கட்டில் இருந்த லேப்பில் அவற்றின் ஆயிலைச் சோதிப்பது எல்லாம் அங்கேதான். ஆயிலைச் சோதித்தால் எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே நடப்பது தெரிந்துவிடும். இரும்பு ஏறியிருந்தால் ஏதோ தேய்கிறது. சிலிக்கான் ஏறியிருந்தால் தூசி போகிறது. பொட்டாசியம் ஏறியிருந்தால் பெரும்பாலும் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் உள்ளே கசிகிறது. இந்த மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பேச்சியம்மாள் திருவாதவூர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அக்கா ரோட்டு வேலையில் தலையில் மண் சட்டி சுமந்தார். பிறகு வேலைக்கு ஆள் கூட்டிவரும் மேஸ்திரி ஆனார். பிறகு சின்னச் சின்னதாகக் காண்ட்ராக்ட் எடுத்தார். கடைசியில் எங்கள் பட்டறையில் நின்ற ஒரு பழைய பொக்லைனை வாங்கியே விட்டார். ஓட்டுவது அவருடைய தம்பி முத்தையா. நான் அக்காவை அக்கா என்பேன், முத்தையாவை மாப்ள என்பேன், அந்த முறை எப்படி வந்தது என்று எங்கள் மூவருக்குமே தெரியாது.

வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பிய அன்று அக்கா அதன் முன்னால் நின்று அழுதார். "இம்புட்டு நாளு நாஞ் சொமந்த மண்ண இனி இது சொமக்கும் தம்பி" என்றார். நான் சாம்பிள் பாட்டில்கள் அடங்கிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, அவசரமாக விளக்க ஆரம்பித்தேன்.

"இது ரத்த டெஸ்ட் மாதிரிக்கா. ஆயில் மாத்துறப்பல்லாம் ஒரு பாட்டில் எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. ரிசல்ட்டு நல்லா வந்தா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"நல்லா வரலைன்னா?"

"அதெல்லாம் நல்லா வரும்க்கா."

அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படித்தவர்களே பாட்டிலைக் காலால் தள்ளுகிற ஊரில் இப்படி ஒருவரா என்று நான் பூரித்துப்போனேன்.

அந்தப் புரட்டாசியில் அக்காவுக்குச் சொந்த ஊர்க் கண்மாயிலேயே வேலை கிடைத்தது. பழைய மடை இடிந்திருந்தது. கரையை வெட்டித் திறந்து, புது மடை கட்டி, மறுபடியும் மண் போட்டு மூட வேண்டும். மடை கட்டி முடிந்துவிட்டது. வெட்டின கரையை மூடுவதுதான் பாக்கி. மூடுவதற்குள் மழை இறங்கினால், கண்மாயில் நிற்க வேண்டிய தண்ணீர் அந்த வாய் வழியாக ஓடிப்போகும், ஊருக்கு அந்த வருஷம் நடவு கிடையாது. சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற வண்டிகள் எல்லாம் நெடுஞ்சாலை வேலையில் மாட்டியிருந்தன. ஆக, ஊரே அக்காவின் ஒரே ஒரு வண்டியை நம்பி இருந்தது. பொம்பளைக்கு எதற்கு மிசின் என்று கேட்டவர்களும் அந்த ஊரில்தான் இருந்தார்கள்.

வேலைக்கு நடுவில் ஆயில் மாற்றும் முறை வந்தது. முத்தையா சாம்பிள் எடுத்து அனுப்பினான். பாட்டில் பார்க்கப் பளிச்சென்று இருந்தது, மேலே ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. லேப்புக்குள் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன்.

லேப் சரளா மேடத்தின் ராஜ்யம். மகால் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். எங்களிடம் தமிழில் பேசுவார், வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்களுடைய சௌராஷ்டிர பாஷைக்கு மாறிவிடுவார். எங்களுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அவர் அம்மாவோடு பேசும் தொனியை வைத்தே ரிசல்ட்டைக் கண்டுபிடித்துவிடுவோம். சிரித்துப் பேசினால் நல்ல ரிசல்ட். வெடுக்கென்று வைத்தால் யாரோ ஒருவருடைய எஞ்சினுக்குக் கெட்ட நேரம். அன்றைக்கு வெடுக்கென்று வைத்தார்.

"அந்தத் திருவாதவூர் அம்மாவோட வண்டிதானே? இங்க வந்து பாருங்க. சிலிக்கான் எகிறிக் கெடக்கு. பொட்டாசியமும் ஏறியிருக்கு."

தூசியும் கூலன்ட்டும் ஒரே நேரத்தில். ஆனால் அந்தத் தாளில் இன்னொரு விஷயமும் இருந்தது. இரும்பு ஏறவே இல்லை. அத்தனை தூசி போயிருந்தால் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்ந்திருக்க வேண்டும்.

"திருடன் வீடு பூராம் நடந்துருக்கான், ஒரு சாமான் கொறையல. அதெப்படி மேடம்?" என்றேன்.

"அதான் எனக்கும் இடிக்குது" என்றார் சரளா மேடம்.

எங்கள் மேனேஜருக்கு இடிக்கவில்லை. "திருடன் இப்பத்தான் நுழைஞ்சிருக்கான். நாளைக்கு இரும்பு ஏறும். அப்ப பாக்குறதுக்கு எஞ்சின் இருக்காது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் தாமதத்தில் எஞ்சின் சிக்கிப்போன வண்டிகளை அவர் பார்த்தவர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஊரில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போன அவசரத்தில் புது பாட்டில் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் என்ன, அங்கே ஒரு பொட்டலமே இருக்கிறதே என்று நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கரையின் வெட்டு வாய் பிளந்து கிடந்தது. பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு சும்மா நின்றது. சுற்றி ஊர்க்காரர்கள் குந்தி இருந்தார்கள். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"வண்டிய நிறுத்தச் சொன்னது நீங்களா தம்பி?"

"ஆமாக்கா. டெஸ்ட்டு கொஞ்சம் கோளாறா வந்துருக்கு."

"காலைல வரைக்கும் குதிரையாட்டம் ஓடுன வண்டி. அதுக்கு என்ன கோளாறு? ஒங்க டெஸ்ட்டுக்குத்தான் கோளாறு."

அவர் கோபத்தில் சொன்ன அந்த வார்த்தை எவ்வளவு சரி என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு, சூடேறியதும் நானே சாம்பிள் எடுத்தேன். முத்தையா எங்காவது பிசகியிருப்பான் என்ற சந்தேகம் இருந்ததால் ஒன்றையும் விடவில்லை. வால்வைத் துடைத்தேன், குழாயைப் புதிதாகப் போட்டேன். அக்கா ஒரு மஞ்சப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியோடு நீட்டினார். கடைசி நொடியில் திறந்து, பிடித்து, உடனே மூடினேன். நீங்கள் மேஜையில் வைத்திருக்கும் புத்தகத்தில் என் கையைத்தான் படம் எடுத்துப் போட்டிருக்க வேண்டும், அவ்வளவு சுத்தம். ரேடியேட்டரையும் பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை. ஏர் ஃபில்டரிலும் குறை இல்லை.

சந்தோஷமாகத் திரும்பி வந்து கொடுத்தேன். சரளா மேடம் அதை லேப் மிசினில் ஓட்டினார். முதலில் வந்ததைவிட மோசம்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது. ஒரு ரிசல்ட் தப்பாக வரலாம். இரண்டாவதும் அதையே சொன்னால் யாருக்குத்தான் தைரியம் வரும்? மேனேஜர் எஞ்சினைப் பிரிக்க ஆள் அனுப்பத் தயாராகிவிட்டார். இன்னொரு பக்கம் முத்தையா பூத்திலிருந்து போன் செய்து, "அண்ணே, அழகர்மலப் பக்கம் கருக்கல் கட்டுது. ஓட்டிரவா?" என்று கேட்கிறான். ஓட்டு என்று சொல்லி எஞ்சின் போனால் அக்காவின் வாழ்க்கையே போகும். பிரி என்று சொன்னால், திறந்த எஞ்சினோடு வண்டி கண்மாய்க் கரையில் கிடக்கும்போதே மழை வந்துவிடும். அந்தப் புழுதியில் எஞ்சினைத் திறப்பது தெருவில் படுக்கவைத்து வயிற்றைக் கிழிக்கிற மாதிரி. இல்லாத நோயும் வந்துவிடும்.

"சார், நிறுத்தியே வைப்போம். பிரிக்க வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"இரும்பு ஏறல சார்."

"ரெண்டு தடவ பாத்தாச்சுய்யா. இன்னும் என்ன பாக்கப் போறீங்க?"

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. நிறுத்தின வண்டியை மறுபடி ஓட்டிவிடலாம், பிரித்த எஞ்சினைப் பிரிக்காததாக ஆக்க முடியாது. எது சரி என்று தெரியாத நேரத்தில், திருத்திக்கொள்ள முடிகிற தப்பைச் செய்யுங்கள். சரளா மேடமும் எனக்காக ஒரு வார்த்தை சொன்னார். மேனேஜர் என்னை முறைத்துவிட்டு, "மத்தியானம் வரைக்கும்தான். அப்பறம் நானே வருவேன்" என்றார்.

ஆனையூரில் என் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். முதல் சாம்பிள் எடுத்தது முத்தையா, இரண்டாவது நான். கை வேறு. குழாய் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது எது? எஞ்சின். எஞ்சினைத் தவிர? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மனைவி, "குழம்பு சரியில்லையா?" என்றாள். "குழம்பு நல்லாத்தான் இருக்கு, பாத்திரம்தான்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. பாட்டில். இரண்டும் ஒரே பொட்டலத்துப் பாட்டில். பாட்டில் செய்யும் கம்பெனியிலேயே அந்தப் பொட்டலம் முழுக்க அழுக்காகி வந்திருந்தால்? நான் எழுந்து கையைக் கழுவிவிட்டேன். பாத்திரத்துக்கு என்ன குறை என்று என் மனைவி கேட்டதற்கு நல்லபடியாகப் பதில் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது.

காலையில் முதல் வேலையாக லேப்புக்குப் போய், வேறொரு பெட்டியிலிருந்து புது பாட்டில்களை எடுத்துக்கொண்டு திருவாதவூர் போனேன். வானம் மூடியிருந்தது. கரையில் கூட்டம் கூடியிருந்தது. "என்ன பேச்சி, ஒன் மிசினுக்குச் சீக்கா?" என்று ஒரு பெரிசு கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அதுல எடுக்காதீங்க. இதுல எடுங்க."

மஞ்சப்பையிலிருந்து ஒரு பாட்டிலை நீட்டினார்.

"ஏங்க்கா, இதுக்கென்ன?"

"அது வெறும் பாட்டில் தம்பி. இது சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு வந்தது."

வாங்கி மூடியைத் திறந்தேன். மூக்குக்கு முன்னால் பிடித்தேன். கோயில் வாசனை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைப் பாட்டிலுக்குள் வெள்ளையாக விபூதி, அடியில் நன்றாகவே குவிந்திருந்தது.

"அக்கா, எல்லாப் பாட்டில்லயுமா போட்டீங்க?"

"பின்ன? ரிசல்ட்டு நல்லா வரணும்ல? மொதப் பாட்டில்ல ஒரு சிட்டிக போட்டேன். வண்டிய நிறுத்தச் சொல்லி போன் வந்ததும் கோயிலுக்கு ஓடி ரெண்டாவதுக்குக் கூடக் கொஞ்சம் போட்டேன். அதுவும் ஆகலைன்னீங்க. அதான் இதுல ஒரு கை அள்ளி..."

முத்தையா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான். "யக்கா, பாட்டிலுக்குள்ளயா போட்ட?"

"வெளிய பூசுனா அழிஞ்சுபோகும்லடா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் கண்ணிலும் தண்ணீர் வந்தது. விபூதி என்பது சாணத்தைச் சுட்ட சாம்பல். சாம்பலில் சிலிக்கானும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. எஞ்சினுக்குள் அது போகவே இல்லை, இரும்பு எப்படி ஏறும்? ரிசல்ட் கெட்டுப் போகப் போக அக்காவுக்குப் பயம் கூடியிருக்கிறது. பயம் கூடக்கூட விபூதி கூடியிருக்கிறது. விபூதி கூடக்கூட ரிசல்ட் கெட்டிருக்கிறது. இன்னும் நாலு சாம்பிள் எடுத்திருந்தால் நாங்கள் அந்த வண்டியையே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியிருப்போம்.

அங்கே வைத்து நான் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என் முதுகில் நானே தட்டிக்கொள்கிறேன். ஊர்க்காரர்கள் நாலு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் சிரித்திருந்தால் அந்தக் கதை அக்கா சாகிற வரைக்கும் அவரைத் துரத்தியிருக்கும். "சரிக்கா, இதையும் கொண்டுபோறேன், அதுலயும் எடுத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். வெறும் பாட்டிலில் சாம்பிள் எடுத்தேன். சாமி பாட்டிலை மூடி, அக்காவின் மஞ்சப்பையில் இருந்த இன்னொன்றையும் கேட்டு வாங்கி, என் பையில் போட்டுக்கொண்டேன். வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை மிதித்தேன்.

சந்தேகம் என்பது வேறு, ருசு என்பது வேறு. மேனேஜரிடம் போய் விபூதி என்று சொன்னால் என்னைப் பிரித்துப் பார்க்க ஆள் அனுப்புவார். அதனால் சரளா மேடம் ஒரு வேலை செய்தார். டின்னிலிருந்து புத்தம்புது ஆயிலை எடுத்து அந்தச் சாமி பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, அதை ஓட்டினார். எஞ்சினையே கண்ணால் பார்க்காத ஆயிலுக்கும் அதே நோய். சிலிக்கான் கூரையைத் தொட்டது. பொட்டாசியம் பக்கத்திலேயே நின்றது. அடுத்து, வெறும் பாட்டிலில் நான் எடுத்து வந்த சாம்பிளை ஓட்டினார். எல்லாம் அடங்கி ஒடுங்கி அது அது இடத்தில் இருந்தது.

சரியாக அந்த நேரத்தில் அவருடைய அம்மாவிடமிருந்து போன். மேடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் பேச முடியாமல் சிரித்தார், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனுக்குள்ளிருந்து அந்த அம்மா சிரிப்பதும் கேட்டது. பட்டறையில் இருந்த அத்தனை மெக்கானிக்கும் ரிசல்ட் என்ன என்று வெளியிலிருந்தே தெரிந்துகொண்டார்கள்.

மேனேஜர் வந்தார். இரண்டு தாளையும் பார்த்தார். பையிலிருந்து அக்கா கொடுத்த இன்னொரு பாட்டிலை எடுத்துக் காட்டினேன். திறந்து முகர்ந்தார். உள்ளே விரலை விட்டார். பிறகு, யோசித்துச் செய்தாரா பழக்கத்தில் செய்தாரா தெரியாது, அந்த விரலை நெற்றியில் இழுத்துக்கொண்டார்.

"வண்டிய ஓட்டச் சொல்லுய்யா" என்றார்.

முத்தையா அதற்கப்புறம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்று சொல்லலாம். சாப்பாடு வண்டிக்கே போனது. நானும் போய்க் கரையில் நின்றேன். என் வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் நின்றேன். கடைசி மண்ணைப் போட்டுப் பொக்லைன் கையால் தட்டி அமுக்கும்போது முதல் தூறல் விழுந்தது. முத்தையா ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். சீக்கா என்று கேட்ட அந்தப் பெரிசு வந்து, "பேச்சி, ஒன் மிசினு கெட்டிக்கார மிசினுதான்" என்றார். அக்கா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "தம்பி, நனையாதீங்க, வாங்க" என்றார். வண்டியின் மறைவில் ஒதுங்கி நின்றோம். அப்போதுதான் கேட்டார்.

"என்னதான் கோளாறு? முத்தையாட்டக் கேட்டா சிரிக்கிறான். நீங்க சொல்லுங்க."

சொன்னேன். விபூதியில் என்ன இருக்கிறது, லேப் மிசினுக்கு அது எப்படித் தெரிந்தது என்று சொன்னேன். அக்கா முகம் சுருங்கிப்போனது.

"அப்ப என் சாமிதான் என் வண்டிய நிறுத்துச்சா?"

எஞ்சினைப் பற்றி எடுத்த முடிவைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. சாமி கும்பிட்டது தப்பு என்று சொல்ல நான் யார்? அதே சமயம் அடுத்த பாட்டிலிலும் விபூதி விழக் கூடாது.

"அக்கா, ஒங்களுக்கு ரத்தம் எடுத்துருக்காங்களா?"

"எடுத்துருக்காக."

"சாப்புட்டுப் போனீங்களா?"

"வெறும் வயித்துலல்ல வரச் சொல்லுவாக. பச்சத் தண்ணி குடிச்சாலும் திட்டுவாக."

"கோயில் பிரசாதம் சாப்புட்டுட்டுப் போனா?"

"பிரசாதம்னாலும் சாப்பாடு சாப்பாடுதான தம்பி." சொல்லிவிட்டு நிறுத்தினார். என்னையே பார்த்தார். "அப்ப பாட்டிலு வெரதமா?"

"வெரதந்தாங்க்கா. நீங்க மூடியத் தொறக்குற வரைக்கும் வெரதம். ஆயில் விழுறதுதான் வெரதம் முடிக்கிறது. நடுவுல எது உள்ள போனாலும் வெரதம் கலஞ்சிரும், சாமி பொருளா இருந்தாலும்."

அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். நியாயமான கேள்வி. எந்தப் புத்தகத்திலும் இல்லாததை நான் எங்கே போய்ச் சொல்வது? அடுத்த முறை பொட்டலம் கொடுத்தபோது ஒரு பாட்டில் கூடுதலாகக் கொடுத்தேன். "இது சாமிக்கு. இதுல எம்புட்டு வேணும்னாலும் போட்டு வண்டிக்குள்ள கட்டிவிடுங்க. மத்ததெல்லாம் வெரதம்" என்றேன். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் யாருக்குப் பொட்டலம் கொடுத்தாலும் ஒரு பாட்டில் கூடுதலாகத்தான் கொடுப்பேன். விபூதி போடுகிறவர்கள் போட்டார்கள். ஒருவர் புனித நீர் ஊற்றி வைத்தார். ஒருவர் தாயத்தை உள்ளே போட்டார். லேப்புக்கு வந்த பாட்டில்கள் கண்ணாடி மாதிரி வந்தன.

சில வருஷம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சாம்பிள் எப்படி எடுக்கிறார்கள் என்று களத்தில் பார்க்க வேண்டுமாம். பேச்சியக்காவிடம் அழைத்துப் போனேன். அப்போது அக்காவிடம் வண்டிகள் வரிசையாக நின்றன. முத்தையா பழைய வண்டியைத்தான் இன்னமும் ஓட்டிக்கொண்டிருந்தான். அதிகாரி நல்ல மனிதர், விவரமானவர். பொட்டலத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

அக்கா அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"என்னம்மா? சுத்தமா இருக்கான்னுதான் பாத்தேன்" என்றார் அதிகாரி.

"பாத்தீகல்ல சார்? வெரதம் கலஞ்சுபோச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். அக்கா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு சிட்டிகை விபூதி எடுத்து, அவர் திறந்த பாட்டிலுக்குள் போட்டு இறுக மூடினார். முத்தையா கையை நீட்டி வாங்கி, வண்டிக்குள் ஏற்கெனவே தொங்கிய பாட்டில்களோடு அதையும் சேர்த்துக் கட்டினான்.

"தொறந்தது சாமிக்கு" என்றார் அக்கா. மூடி திறக்காத ஒன்றை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். "இது ஒங்க லேப்புக்கு. ஆயில் விழுற வரைக்கும் தொறந்துராதீக சார்."